காந்தம் செத்த ரயில்

நாகர்கோவிலுக்கு நிஜ ரயில் வந்தது 1979-ல்தான். ஆனால், அதற்கு இருபது வருடம் முன்பே வடிவீஸ்வரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் ரயில் ஓடியது! நண்பரின் தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த 'ஹார்ன்பி டப்ளோ'. லிவர்பூல் கம்பெனி ஒன்று 1938-ல் அறிமுகப்படுத்திய 12 வோல்ட் பொம்மை ரயில்.

சமீபத்தில் நண்பர் அதை ஓட்டிப் பார்த்தார். இரண்டே சுற்று... இன்ஜின் தோசைக்கல்லாகச் சுட்டது. 'காயில் போச்சு' என்று மோட்டார் கட்டும் அண்ணாச்சியிடம் ஓடினார். முதலில் கம்யூட்டேட்டர் இடுக்கில் இருந்த கரித்தூளையும், கெட்டிப்பட்ட எண்ணெயையும் துடைத்தார் அவர். அப்படியும் சூடு. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "காயிலுக்கு ஒரு கொழப்பமும் இல்ல தம்பி. காந்தம்லா செத்துப்போச்சு!" என்றார்.

அதெப்படி? சுற்றுகிற மோட்டார், வருகிற கரன்ட்டுக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதுதான் கடிவாளம். காந்தம் பலமிழந்தால் கடிவாளம் தளர்ந்து, கரன்ட் எக்கச்சக்கமாகப் பாயும்.

காந்தத்தைக் கொன்றது யார்? தாத்தாவேதான்! வருஷாவருஷம் ஆசையாகக் கழற்றித் துடைத்திருக்கிறார். சுழலும் பாகத்தை உருவும்போது, காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பழைய காந்தங்கள் சக்தியிழக்கும். பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

கம்பி சுற்றி, ஒரு கணம் பலத்த கரன்ட் பாய்ச்சி, காந்தத்துக்கு உயிரேற்றினார் அண்ணாச்சி. கூலி கேட்டதற்கு, "இன்னொரு சுத்து விடு தம்பி, பாப்போம்" என்றாராம்.