வேலூரின் பொது முற்றம்

வேலூருக்குச் சென்றிருக்கிறீர்களா? ஊரின் நடுவே, கடைத்தெருவின் இரைச்சலுக்கு மிக அருகில், அகழி சூழ நிற்கிறது கோட்டை. அதன் உள்ளே விரிந்துள்ள திடலையே இந்நகரின் பொது முற்றம் எனலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-இல் எழுந்த தேவாலயம், அருங்காட்சியகம் ஆகியவை இங்கே அருகருகே உள்ளன. காலையில் நடைப்பயிற்சி செய்வோரையும், மாலையில் குழந்தைகளுடன் காற்று வாங்க வருவோரையும் இங்குக் காணலாம்.

விஜயநகர ஆட்சிக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது இக்கோட்டை. கருங்கல் மதில், அகலமான அகழி, அகழிக்கு நீர் கொணர நிலத்தடிக் கால்வாய் எல்லாம் அமைத்தார்கள். ஆபத்து வெளியிலிருந்தே வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அக்கணக்கு இருமுறை பொய்த்தது.

முதலாவது, 1806 ஜூலை 10. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது. அதில் தோலாலான ஒரு சின்னம் இருந்தது. நெற்றிக் குறியும் காதணியும் கூடாது என்றும் ஆணை பிறந்தது. இன்று ஆம்பூர், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் இவ்வட்டாரத்தில், அன்று ஒரு தோல் துண்டு மனக்கொதிப்பைக் கிளறிற்று. விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே எழுச்சியை ஒடுக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1807-இல் ஆளுநர் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார்.

இரண்டாவது, 2021 நவம்பர். பெருமழையால் அகழி நிரம்பியது. உபரி நீர் வெளியேறும் பழைய வழி அடைபட்டிருந்தது. ஒன்றோடொன்று இணைந்த இடங்களில் நீர் ஒரே மட்டத்தைத் தேடும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அகழியின் மட்டம் உயரவே, தாழ்ந்திருந்த கோயிலுக்குள் நீர் புகுந்தது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்து, 1981-இல்தான் மீண்டும் இலிங்கம் நிறுவப்பெற்ற கோயில் அது.

இரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. தேங்குவதற்கு ஒரு வடிகால் வேண்டும். அது நீரானாலும் சரி, மக்களின் குறையானாலும் சரி. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பிலுள்ள நினைவுத்தூணுக்கு மலர் தூவுகிறோம், நல்லதே. அதனோடு, மழைக்காலத்திற்கு முன் அகழியின் கால்வாயைத் தூர்வாருவதையும் வழக்கமாக்கிக்கொண்டால் இம்முற்றம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். அடுத்த முறை அகழியைக் கடக்கும்போது, இந்நீர் எவ்வழியே வெளியேறுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.