நிலைப்பொருள் ஒளிப்படமும் நிலக்காட்சி ஒளிப்படமும்

மேசைமேல் வைத்த பழம், குவளை, மலர், கருவி போன்ற அசையாப் பொருள்களை எடுப்பது நிலைப்பொருள் ஒளிப்படம். மலை, கடல், காடு, வயல், வானம் ஆகியவற்றை எடுப்பது நிலக்காட்சி ஒளிப்படம். படக்காரர்கள் பேச்சில் இவற்றை ‘ஸ்டில் லைஃப்’, ‘லேண்ட்ஸ்கேப்’ என்பார்கள். முன்னது கைக்கெட்டும் தூரத்தில் நிகழ்வது. பின்னது கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிகழ்வது. இரண்டிலும் எதிரே இருப்பது சிரிக்காது, அழாது, திரும்பிப் பார்க்காது. திருமண வீட்டிலும் போர்க்களத்திலும் நிகழ்ச்சியே படக்காரரை இழுத்துக்கொண்டு போகும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆகவே படமெடுக்கும் உந்துதல் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி மற்ற வகைகளைவிட இவ்விரண்டில்தான் கூர்மையாக எழுகிறது.

சொல்லும் வகைப்பாடும்

நிலைப்பொருள் என்ற கருத்து ஓவியத்திலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் ரொட்டியையும் மீனையும் வெள்ளிக் கிண்ணத்தையும் பெரும் கவனத்தோடு தீட்டினர். டச்சுப் பெயரின் பொருள் ‘அசையா வாழ்வு’. பிரெஞ்சுக்காரர்கள் ‘இறந்த இயற்கை’ என்றனர். தமிழில் அசைவிலாப் பொருள், சடப்பொருள், நிலைப்பொருள் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. பொருளை இறந்ததாகவோ சடமாகவோ காட்டாததால் இக்கட்டுரை கடைசிப் பெயரைக் கொள்கிறது.

ஓவிய உலகில் இவ்விரு வகைகளுக்கும் மதிப்புக் குறைவு. பிரெஞ்சு அரசக் கலைக்கழகத்தின் சார்பில் 1667இல் எழுதிய ஆந்த்ரே ஃபெலிபியன், வரலாற்று ஓவியத்தை உச்சியில் வைத்தார். பழமும் பூவும் சிப்பியும் வரைபவரை அடித்தட்டில் அமர்த்தி, நிலக்காட்சி வரைபவரை அதற்குச் சற்றே மேலே வைத்தார். ஒளிப்படம் பிறந்தபோது இந்த வரிசை தலைகீழானது. கடைசியில் நின்றவைதாம் கருவியின் முன் முதலில் வந்து நின்றன.

தமிழ் மரபு இவற்றை வேறு விதமாகப் பார்த்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தில் உள்ளவை கருப்பொருள் என்று தொல்காப்பியம் இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்தது. நிலத்தோடு பொழுதைச் சேர்த்தது ஒளிப்படத்துக்கு மிகவும் பொருந்துகிறது. நிலக்காட்சி எடுப்பவர் பொழுதுக்காகக் காத்திருக்கிறார். நிலைப்பொருள் எடுப்பவர் ஒரு சன்னலையும் ஒரு வெள்ளை அட்டையையும் கொண்டு பொழுதைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

தொடக்க காலம்

கேமராவைக் கொண்டு எடுத்து இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம் ஒரு நிலக்காட்சி. பிரான்சில் சேன்-லூ-து-வரேன் என்ற ஊரில் நிசெஃபோர் நியெப்ஸ், 1826 அல்லது 1827இல், தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தார். நிலக்கீல் பூசிய பியூட்டர் தகட்டில் ஒளி பல மணி நேரம் விழ வேண்டியிருந்தது. அதனால் முற்றத்தின் இருபக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே தகட்டில் பதிந்த அந்தப் படத்தில் மனிதர் எவரும் இல்லை, இருக்கவும் முடியாது.

அவரோடு கூட்டாளியாக இருந்த லூயி டகேர் 1837இல் எடுத்த தகட்டில் ஒரு சன்னலோரம், சாந்து வார்ப்புச் சிலைகள், பிரம்பு பின்னிய புட்டி ஆகியவை உள்ளன. வெள்ளைச் சாந்து ஒளியை நன்கு திருப்பியனுப்பும். எவ்வளவு நேரமானாலும் அசையாது. கருவியின் குறைதான் பொருளைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் அந்தக் குறைக்குள் நின்றுகொண்டே, மென்மையான துணிக்குப் பக்கத்தில் கரடான பிரம்பையும் அதன் பக்கத்தில் வழுவழுப்பான சாந்தையும் அவர் அடுக்கிய முறை ஒரு கலைஞரின் முறை.

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் கதை இன்னும் நேரடியானது. 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் அமர்ந்து, காமிரா லூசிடா என்னும் பட்டகக் கருவியின் துணையோடு ஏரியை வரைய முயன்றார். கை ஒத்துழைக்கவில்லை. இயற்கைக் காட்சி தாளில் தானே பதிந்து நிலைத்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அந்தத் தோல்வியில்தான் எழுந்தது. நிலக்காட்சி ஒளிப்படத்துக்கு உந்துதல் தந்தது என்பதைவிட, ஒரு நிலக்காட்சியே ஒளிப்படக்கலைக்கு வித்திட்டது என்று சொல்வது பொருந்தும்.

டால்பட் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்ற நூலில் 24 படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்கள் ஒரு படம். திருடன் இவற்றைக் கொண்டுபோனால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம் என்று அவர் எழுதினார். படத்துக்குப் பயனைத் தேடிய அறிவியலாளரின் குரல் அது. ‘திறந்த கதவு’ என்ற மற்றொரு படத்தில் குரல் மாறுகிறது. ஒரு தொழுவ வாசல், சாய்த்து வைத்த விளக்குமாறு, தொங்கும் லாந்தர், குறுக்கே விழும் நிழல். அன்றாடத்தில் எவரும் நின்று பார்க்காத இடத்தில் ஓவியனின் கண் நின்றுவிடும் என்பதை அங்கே விளக்குகிறார். டச்சு ஓவியர்களைத் துணைக்கு அழைக்கிறார். இவ்விரு வகைகளின் உந்துதலைப் பற்றி இன்றுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்தக் குறிப்பின் விரிவே. நூலின் கடைசிப் படம் கூடையில் வைத்த பழங்கள்.

கிரிமியப் போரைப் படமெடுத்துப் பெயர்பெற்ற ரோஜர் ஃபெண்டன், 1860இல் திராட்சை, பீச், அன்னாசி, பூ ஆகியவற்றை நெருக்கமாக அடுக்கி ஒரு வரிசைப் படங்கள் எடுத்தார். அவருடைய கடைசிப் பெரும் முயற்சிகளுள் அது ஒன்று. 1862இல் தொழிலையே விட்டுவிட்டார். கடித்தால் சாறு வழியும் என்று தோன்றும் அந்தப் பழங்களை, கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து உலருமுன் படமெடுக்கும் ஈரத்தகட்டு முறையின் உச்ச சாதனையாகவே கருத வேண்டும்.

வானம் என்ற சிக்கல்

அக்கால வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் விரைவாக உணர்ந்தன. பச்சையையும் சிவப்பையும் மிக மெதுவாகவே உணர்ந்தன. மரமும் மண்ணும் சரியாகப் பதிய வேண்டுமானால் வானம் அளவுக்கு மீறி ஒளிபட்டு, வெறும் வெள்ளையாகிவிடும். ஆரம்பகால நிலக்காட்சிகளில் மேகமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ க்ரே கடற்காட்சிகளில் இதற்கு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு வேறொரு நெகடிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். தெற்கு பிரான்சின் செத் கடற்கரையில் 1857இல் எடுத்த ‘பேரலை’ இவற்றுள் புகழ்பெற்றது. அதை ஏமாற்று என்பது தவறு. கண் கண்டதைத் தகடு காணாதபோது செய்த திருத்தம் அது.

சென்னை மாகாணத்தில் லின்னேயஸ் ட்ரைப் வேறு வழி கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த இவர், 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி, பெரிய மெழுகுத்தாள் நெகடிவ்களில் 1858இல் படமெடுத்தார். தென்னாட்டு வெயிலில் வானம் வெளுத்துப்போனது. அவர் நெகடிவ்மீதே வண்ணம் தொட்டு மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத்திரளையும் சில இடங்களில் தொட்டுத் திருத்தினார்.

அவருடைய வேலை ஆவணப் பணி. கோயில், அரண்மனை, கோட்டை ஆகியவற்றைப் பதிவுசெய்வதே பணி. திருமலை நாயக்கர் மகாலும் வைகைக் கரையும் அப்படித்தான் படமாயின. ஆனால் மதுரைக்கு அருகே ஆனைமலையின் முகத்தை எடுத்த படத்தில் ஆவணத்தைக் காட்டிலும் அதிகம் இருக்கிறது. படுத்த யானையைப் போன்ற அந்தப் பாறை சட்டத்தை நிறைத்து நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்தைப் படிப்பதற்காக எடுத்தது. கல்லின் மேடும் பள்ளமுமே காட்சியாகிவிட்டது. அதே ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் எடுத்தார். மலையைப் பார்த்த அதே கண் கையருகே கிடந்த கல்லையும் பார்த்தது; இவ்விரு வகைகளும் ஒன்றென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விரைவிலேயே, செலவு மிகுந்த ஆடம்பரம் என்று கருதிய ஆளுநர் ட்ரெவெல்யன் இப்பணியை நிறுத்தினார். ட்ரைப் அதன்பின் மிகக் குறைவாகவே படமெடுத்தார்.

1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் புகழில் ட்ரைப்பை விஞ்சினார். சுமையாள்கள் கூட்டத்தோடு இமயத்தில் மூன்று பயணங்கள் சென்று, 1866இல் 18,600 அடி உயர மணிரங் கணவாயில் ஈரத்தகட்டில் படமெடுத்தார். பின்னர் நீலகிரிக்கும் வந்தார். ஆனால் ஏரியும் கவிந்த மரமும் உள்ள இங்கிலாந்துக் காட்சியையே அவர் இமயத்தில் தேடினார். அது கிடைத்த காஷ்மீரத்தில்தான் மனம் நிறைந்தார். முன்னரே முடிவுசெய்த அழகைத் தேடிச் செல்பவருக்கு எதிரே உள்ள மலை பாதிதான் தெரியும்.

அமெரிக்காவில் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் 18க்கு 22 அங்குல அளவிலான தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அவருடைய படங்கள் கிழக்கு நகரங்களில் பரவின. 1864 ஜூன் 30 அன்று அதிபர் லிங்கன் அப்பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இருபதாம் நூற்றாண்டு

எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் வந்தபின் வானம் சிக்கலாக இருக்கவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் ஜார்ஜ் ஏரிக் கரையில் மேகங்களையே பொருளாக எடுத்தார்; நிலமில்லாத அந்த நிலக்காட்சிகளுக்கு ‘இணைகள்’ என்று பெயரிட்டார். ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்றபோது அவரிடம் இரண்டே தகடுகள் எஞ்சியிருந்தன. மஞ்சள் வடிகட்டியோடு முதலாவதை எடுத்தார். தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்ற, கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் போட்டார். வானம் ஏறக்குறையக் கறுத்து, பாறை எழுந்து நின்றது. எடுக்குமுன்பே அச்சை மனத்தில் காண்பது என்ற அவருடைய கோட்பாட்டுக்கு அதுவே தொடக்கம்.

எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். ‘மிளகாய் எண் 30’ என்ற பெயரே அதற்குமுன் எத்தனை முறை முயன்றார் என்பதைச் சொல்லும். புனலின் வளைந்த உட்புறம் ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பியதால், காயின் மடிப்புகள் முதுகுத் தசை போலத் திரண்டன. அதே வெஸ்டன் கலிபோர்னியாவின் பாயின்ட் லோபோஸ் பாறைக் கரைக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சென்றார். பார்க்கின்சன் நோய் கையை முடக்குமுன் 1948இல் கடைசிப் படத்தையும் அங்கேதான் எடுத்தார்.

செக் நாட்டு யோசெஃப் சுதெக் (1896–1976) இவ்வகைகளின் தலைசிறந்த கலைஞர். புத்தகம் கட்டும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் வலக்கையை இழந்தார். ஒற்றைக் கையோடு கனத்த மரக் கேமராக்களைச் சுமந்தார். பிராகில் ஒரு முற்றத்தின் மூலையில் இருந்த மரக்குடிலே அவருடைய ஸ்டுடியோ. 1940இல், நெகடிவின் அளவிலேயே அச்சிட்ட ஒரு பழைய சிலைப் படத்தைக் கண்டபின் படத்தைப் பெரிதாக்குவதையே விட்டுவிட்டார். நாஜிகள் நகரைப் பிடித்திருந்த காலத்தில் வெளியே கேமராவோடு நடமாடுவது அரிதாக, அவர் தம் சன்னலை எடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் பனி, வியர்வைத்துளி, விளிம்பில் ஒரு குவளை நீர், அப்பால் முறுக்கிய ஒரு மரம். முன்னே நிலைப்பொருள், பின்னே நிலக்காட்சி, நடுவில் ஒரு கண்ணாடி. இந்த வரிசை 1954 வரை நீண்டது. ஐம்பதுகளில் 10க்கு 30 சென்டிமீட்டர் நெகடிவ் எடுக்கும் பழைய கோடக் அகலக் கேமராவோடு நகரெங்கும் அலைந்து, 284 படங்களைக் கொண்ட ‘பிராக் அகலக்காட்சிகள்’ நூலை 1959இல் வெளியிட்டார். நிலக்கரி தோண்டிப் பாழான வட பொகீமிய நிலத்தையும் அதே கேமராவில் எடுத்து, ‘துயர நிலம்’ என்று பெயரிட்டார். நிலக்காட்சி அழகை மட்டும் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை அமெரிக்கர்கள் எழுபதுகளில் உடைத்தனர் என்பது வழக்கமான வரலாறு. சுதெக் அதை முன்னரே செய்துவிட்டார்.

இன்றைய நிலை

டிஜிட்டல் கேமரா, செல்போன், டிரோன் ஆகியவை வந்தபின் இரு வகைகளும் எல்லார் கைக்கும் எட்டின; விளம்பரத்திலும் உணவுப் படங்களிலும் நிலைப்பொருளும், சுற்றுலாவில் நிலக்காட்சியும் பெருவழக்காக உள்ளன.

ட்ரைப்பின் படங்கள் 2014–15இல் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றை இணையத்திலும் காணலாம். ஆனைமலை இன்றும் அங்கேயே இருக்கிறது. மதுரைப் பக்கம் இருக்கும் வாசகர்கள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாறையின் நிழல் பொருந்தும் இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடித்து, ஒரு தை மாதக் காலையில் அங்கே நின்று பார்க்க வேண்டும்.