மண்டபம் கடலோரத் தாவரங்களில் கன உலோகமும் எதிர் ஆக்சிஜனேற்றத் தற்காப்பும்

கடற்பாசியிலோ கடற்புல்லிலோ எதிர் ஆக்சிஜனேற்ற நொதிகள் கூடியிருந்தால் அங்கே உலோக மாசு இருக்கிறது என்று முடிவு கட்டுவது எளிது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடலோரத்தில் அந்த முடிவு அவசரப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நஞ்சு செயல்படும் விதம். செம்பும் இரும்பும் எலக்ட்ரானை ஏற்றும் இழந்தும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை நேரடியாக உண்டாக்குகின்றன. காட்மியத்துக்கு அந்த இயல்பு கிடையாது. அது குளூட்டாதயோனின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, செல்லின் கையிருப்பைக் கரைக்கிறது. உலோகத்தைப் பிணைத்து முடக்கும் பைட்டோகெலட்டினும் அதே குளூட்டாதயோனிலிருந்துதான் உருவாகிறது. உலோகத்தை அடக்க அதிகம் செலவிட்ட செல்லுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக் குறைவாகவே மிஞ்சும். மாசு சிறிதளவில் இருக்கையில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் பெரும்பாலும் உயரும். மிகும்போது நொதிகளே சேதமுற்றுச் சரியும். ஆகவே குறைந்த அளவீடு தூய நீரையும் குறிக்கலாம், தோற்றுப்போன தாவரத்தையும் குறிக்கலாம். இந்த இரட்டைப் பொருளைக் கவனிக்காத தரவு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இக்கடலின் இயல்பு சிக்கலை மேலும் கூட்டுகிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. கோடையில் நீர் விரைவில் சூடேறும், வற்றத்தில் கரையோரப் பாசி வெயிலில் காயும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு குறையும். வெப்பமும் ஒளியும் உப்பு மாற்றமும் உலோகம் இல்லாமலே இதே நொதிகளைத் தூண்டக்கூடியவை. அருகிலுள்ள மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2016-இல் வெளுத்தது, வெப்பம் இங்கே எவ்வளவு தீவிரமான அழுத்தம் என்பதைக் காட்டியது. மறுபுறம் படகுகளின் செம்பு கலந்த அடிப்பூச்சு, எஞ்சின் எண்ணெய், நகரக் கழிவுநீர், தெற்கே தூத்துக்குடித் துறைமுகமும் அனல்மின் நிலையமும் என உலோக வாய்ப்புகளும் உண்மையானவை.

திசுவில் உலோகத்தை அளந்தால் போதுமா? போதாது. கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசியின் செல் சுவரிலுள்ள ஆல்ஜினேட் உலோகத்தை வெளியிலேயே பிடித்துவைக்கும்; மொத்த அளவு அதிகமாக இருந்தும் செல்லின் உள்ளே பாதிப்பு குறைவாக இருக்கலாம். கடற்புல்லின் நிலை வேறு. அது இலை வழியாக நீரிலிருந்தும் வேர் வழியாக வண்டலிலிருந்தும் உறிஞ்சுகிறது. வேர் வெளிவிடும் ஆக்சிஜன் சல்பைடில் கட்டுண்ட உலோகத்தை விடுவித்துவிடவும் கூடும். சல்பைடிலிருந்து வேரைக் காக்கும் அச்செயலே உலோக நஞ்சை அருகில் கொண்டுவரக்கூடும். கடற்பாசியையும் கடற்புல்லையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே நொதிகளோடு, செல் சவ்வுக் கொழுப்பின் சேதத்தைக் காட்டும் மலோன்டையால்டிஹைடையும் பைட்டோகெலட்டினையும், அதே இடத்து வண்டலையும், நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஒருசேர அளக்க வேண்டும்; ஒரே இனத்தில், மழைக்கு முன்னும் பின்னும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் துறைமுகங்களுக்குத் தொலைவான சிலவற்றை ஒப்பீட்டு இடங்களாகக் கொள்ளலாம். மண்டபத்தில் நெடுங்காலமாகத் தொடரும் கடல் ஆய்வு மரபுக்கு இது எட்டாத வேலையல்ல.

பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் இன்று எதிர் ஆக்சிஜனேற்றி மிகுந்தவை என்று பேசப்படுகின்றன. அந்த மிகுதி, தாவரம் பட்ட துன்பத்தின் விளைவாகவும் இருக்கலாம். இப்பாசிச் சாற்றின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை வெளியிடும் ஒவ்வோர் ஆய்வும் அதே மாதிரியின் காட்மியம், ஈய அளவுகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.