தி எண்ட் ஆஃப் தி வாஸ்ப் சீசன்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் டெனிஸ் மீனா எழுதி 2011இல் வெளிவந்த குற்றப் புதினம். கிளாஸ்கோ காவல் துறையின் துப்பறிவாளர் அலெக்ஸ் மோரோவை நாயகியாகக் கொண்ட வரிசையில், ‘ஸ்டில் மிட்நைட்’டுக்கு (2009) அடுத்த, இரண்டாவது நூல்.

நகருக்கு அருகே ஒரு பெரிய வீட்டில் சாரா எரோல் என்ற இளம்பெண் கொடூரமாகக் கொல்லப்படுகிறார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் செல்வந்தர் ஒருவர் தூக்கிட்டுக்கொள்கிறார். கொன்றவர் யார் என்பது வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஏன் என்பதே கதை. முந்தைய நூலில் மகனை இழந்த துயரோடு அறிமுகமான மோரோ, இதில் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபடி புலனாய்வு செய்கிறார். கருவுற்ற உடலை அவருடைய பலவீனமாகவோ வீரமாகவோ மீனா காட்டுவதில்லை. அது அன்றாட வேலையின் பகுதியாகவே வருகிறது. நூலின் பெரும் வலிமை இதுதான்.

சந்தேகம், மோரோவின் பள்ளித்தோழி கே மர்ரியின் பிள்ளைகள் மேல் விழுகிறது. கே நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். கொலையுண்டவரின் தாயைப் பராமரித்தவர். அவருடைய வறிய, பாசமுள்ள வீட்டுக்கு எதிரில், தூக்கிட்டுக்கொண்ட செல்வந்தரின் மகனான, பணமிருந்தும் கவனிப்பாரற்று வளர்ந்த சிறுவன் தாமஸின் குடும்பத்தைக் கதை நிறுத்துகிறது.

2012இல் இந்நூல் தீக்ஸ்டன்ஸ் குற்றப் புதின விருது பெற்றது. வரிசையின் அடுத்த நூலான ‘காட்ஸ் அண்ட் பீஸ்ட்ஸ்’ மறு ஆண்டே அதே விருதை வென்றது.