அரிசி மூட்டையும் பொது வாயிலும்: ஜப்பானிய உள்ளாட்சி வரியின் வரலாறு

வரி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எவ்வளவு வரி விதிக்கப்பட்டது என்பதையே ஆராய்வர். அவ்வரியை யார் சுமந்து சென்றனர், எவ்விடத்தில் செலுத்தினர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஆயினும், ஆள்வோருக்கும் குடிகளுக்கும் உள்ள உறவை வரியின் அளவு எங்ஙனம் காட்டுமோ, அங்ஙனமே வரி செல்லும் வழியும் காட்டும். ஜப்பான் நாட்டின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். 2019 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அந்நாட்டின் உள்ளாட்சி மன்றங்கள் அனைத்தும் ஒரே இணைய அமைப்பின் வழியாக வரி பெறத் தொடங்கின. இம்மாற்றத்தின் பொருளை உணர வேண்டுமாயின், சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

ஊர் செலுத்திய வரி

1603 முதல் 1867 வரை தொகுகாவா மரபினர் ஆட்சி நடைபெற்றது. அக்காலத்தில் நிலவரி பெரும்பாலும் அரிசியாகவே செலுத்தப்பட்டது. வரிக்குப் பொறுப்பாளி தனி உழவன் அல்லன். ஊர் முழுவதுமே பொறுப்பேற்றது. ஊர் முழுவதற்கும் உரிய வரித் தொகை ஓர் ஓலையில் குறித்து அனுப்பப்படும். அதனை வீடுதோறும் பங்கிடுவது ஊர்த்தலைவன் கடமை. ஒருவன் செலுத்த இயலாவிடின், அவன் பங்கினை ஏனையோர் சுமக்க வேண்டும். ஊரார் ஒருவர்க்கொருவர் துணையாய் நின்றதும் இம்முறையால்தான். ஒருவரையொருவர் கண்காணித்ததும் இம்முறையால்தான்.

மெய்ஜி அரசு 1873 ஆம் ஆண்டு இதனை அடியோடு மாற்றியது. நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு 3 பங்கு வரியெனவும், அதனைப் பணமாகவே செலுத்த வேண்டுமெனவும் சட்டம் பிறந்தது. உரிமைச்சீட்டுப் பெற்ற நிலவுடைமையாளன் தனித்துப் பொறுப்பாளி ஆனான். அரசுக்கு ஆண்டுதோறும் நிலையான வருவாய் கிடைத்தது; விலை வீழ்ச்சியின் இடரோ உழவன் தலையில் விழுந்தது. 1876 இல் உழவர் கிளர்ச்சிகள் எழுந்தன. 1877 இல் வரி நூற்றுக்கு இரண்டரையாகக் குறைக்கப்பட்டது.

ஊர்களுக்குக் கிடைத்த உரிமை

1889 இல் புதிய நகர, ஊராட்சி முறை நடைமுறைக்கு வந்தபொழுது, 71,314 ஆக இருந்த ஊர்கள் 15,859 ஆக இணைக்கப்பட்டன. ஆயினும் உள்ளாட்சிகள் நெடுங்காலம் நடுவண் அரசின் நிழலிலேயே இருந்தன. போருக்குப் பின்னர், 1949 இல், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கார்ல் ஷூப் தலைமையில் ஒரு குழு ஜப்பானுக்கு வந்தது. தன் வருவாய் இல்லாத ஊராட்சி உண்மையான ஆட்சியன்று என்பதே அக்குழுவின் அறிவுரைக்கு அடிப்படை. 1950 ஆம் ஆண்டின் உள்ளாட்சி வரிச் சட்டம் நிலம், கட்டடம் முதலிய நிலைச் சொத்துகளின் மீதான வரியை நகரங்களுக்கும் ஊர்களுக்கும் அளித்தது.

இவ்வுரிமையோடு ஓர் இடரும் பிறந்தது. ஒவ்வொரு மன்றமும் தனக்கெனச் சீட்டு அச்சிட்டது. தனக்கெனச் சில வங்கிகளைக் குறித்துக்கொண்டது. சீட்டின் அளவும் அமைப்பும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. இதனால் மிகுந்த தொல்லையுற்றோர் தொழில் நிலையத்தார். ஊழியரின் ஊதியத்திலிருந்து குடியிருப்பு வரியைப் பிடித்தம் செய்து, மறுமாதம் 10 ஆம் நாளுக்குள் அவரவர் வாழும் நகருக்குச் செலுத்துவது முதலாளியின் கடமை. நூறு ஊழியர் முப்பது நகரங்களில் வாழ்ந்தால், மாதந்தோறும் முப்பது சீட்டுகள் எழுத வேண்டும். அவற்றை வங்கி எழுத்தர் கையால் பிரித்து நகரந்தோறும் அனுப்புவர். நடுவண் அரசுக்குரிய வருமான வரியோ ஒரே அலுவலகத்தில் முடிந்துவிடும்!

பொது வாயில்

இத்தொல்லையைப் போக்கும் முயற்சி படிப்படியாகவே நடந்தது. 2005 ஆம் ஆண்டு சனவரியில் ‘எல்டாக்ஸ்’ என்னும் இணைய அமைப்பு சில மாகாணங்களில் தொடங்கியது. முதலில் வரிக் கணக்கை அனுப்ப மட்டுமே அது பெரிதும் பயன்பட்டது. பணம் செலுத்தும் வசதியை மிகச் சில மன்றங்களே அளித்தன. 2019 இல்தான் பொதுச் செலுத்துமுறை எல்லா மன்றங்களுக்கும் விரிந்தது. தொழில் நிலையம் எத்தனை நகரங்களுக்குச் செலுத்த வேண்டியிருப்பினும், ஒரே முறையில் முழுத் தொகையையும் அனுப்பலாம். பொது அமைப்பு அதனைப் பங்கிட்டு உரிய மன்றங்களுக்குச் சேர்க்கும்.

ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது, இவ்வமைப்பு யாருடையது என்பதே. இதனை நடத்தும் உள்ளாட்சி வரிக் கூட்டமைப்பு 2019 ஏப்ரலில் சட்டப்படி நிறுவப்பட்டது. அது நடுவண் அரசின் துறையன்று. 47 மாகாணங்களுக்கும், தோக்கியோவின் 23 தனி வட்டாரங்கள் உள்ளிட்ட 1,741 நகர, ஊராட்சி மன்றங்களுக்கும் பொதுவான நிறுவனம். வரியை விதிப்பதும், கணக்கிடுவதும், தவறியவரைத் தொடர்வதும் இன்றும் அந்தந்த மன்றத்தின் பணியே. வழி ஒன்றாயிற்று, உரிமை பலவாகவே நிலைத்தது.

2023 ஏப்ரல் முதல் நிலைச் சொத்து வரி, ஊர்தி வரி ஆகியவற்றின் சீட்டுகளிலும் ஒரே வகைக் குறியீட்டுக் கட்டம் அச்சிடப்பட்டது. கைப்பேசியால் அதனைப் படித்து வீட்டிலிருந்தே செலுத்தலாம். கைப்பேசி பழகாத முதியவர் அச்சீட்டையே எடுத்துச் சென்று, இக்குறியீட்டை ஏற்கும் வேற்றூர் வங்கியிலும் செலுத்தலாம். தாளை ஒழிக்காமல் தாளிலேயே புதுமையைப் புகுத்தியது அறிவுடைமையாகும்.

எனினும், பொது வாயிலுக்கும் ஒரு விலை உண்டு. முன்னர் ஓர் ஊரின் ஏடு பழுதுற்றால் அவ்வூருக்கே இடர். இன்றோ பொது அமைப்பு தடைப்படின் எல்லா ஊர்களும் ஒருங்கே தடைப்படும். தொகுகாவா காலத்து ஊரார் ஒருவர் பங்கினை மற்றவர் சுமந்தனர். இன்றைய மன்றங்கள் வரியைச் சுமக்கவில்லை, வரி செல்லும் வழியைக் கூடிச் சுமக்கின்றன. அன்றைய கூட்டுப் பொறுப்பு மேலிருந்து சுமத்தப்பட்டது. இன்றையது மன்றங்கள் தம் பெயரால் தாமே நடத்துவது. அவ்வாயிலைத் தம்முடையதெனக் கருதி மன்றங்கள் விழிப்போடு காக்கும்வரை, சிற்றூரின் தன்னாட்சிக்கு அதனால் குறைவு நேராது. அதனை வெறும் இயந்திரமென எண்ணிக் கைவிடின், 1950 இல் பெற்ற உரிமை ஏட்டளவில் மட்டுமே எஞ்சும்.