பழங்காலக் கார்களின் கம்பிச் சக்கரங்கள்: கட்டமைப்பும் சட்ட வரம்பும்

கொச்சி:
பழைய கார்களைப் புதுப்பிப்போர் அழகு கருதி முதலில் நாடுவது கம்பிச் சக்கரங்களையே. எனினும் அச்சக்கரங்களின் வலிமை அழகில் இல்லை, இழுவிசையில் உள்ளது. மெல்லிய கம்பி அழுத்தினால் வளையும். இழுத்தால் பெரும் பாரத்தைத் தாங்கும். இக்கருத்தை 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி முன்வைத்தார். அவர் எண்ணியது காரையன்று, பறக்கும் எந்திரத்தை. 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்வாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டிகளில் இன்றும் காணப்படுவது அதுவே.

கார்களில் இரு வகைகள் உண்டு. ரட்ஜ்-விட்வொர்த் வகையில் நடுவிலுள்ள ஒரே திருகு மூடியைச் சுத்தியலால் தட்டிச் சக்கரத்தைக் கழற்றலாம். ஓட்டத்தில் மூடி தானாக இறுகும் வகையில் இடப்புறமும் வலப்புறமும் எதிரெதிர் மரை வெட்டப்பட்டிருக்கும். பக்கம் மாற்றிப் பூட்டினால் மூடி தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். மாறாக, ஃபோர்டு 'மாடல் ஏ' (1928-31) சக்கரங்களில் கம்பிகள் பற்றவைக்கப்பட்டவை. மிதிவண்டிக் கடையில் செய்வதுபோல் நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுக்க அவற்றில் வழியில்லை. அமெரிக்க 'ஹாட் ராட்' ஆர்வலர்கள் விரும்பிப் பூட்டும் 1935-ஆம் ஆண்டின் 16 அங்குல ஃபோர்டு சக்கரமும் பற்றவைத்ததே.

கொச்சி போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்றால் நிப்பிள்களில் துரு ஏறுகிறது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் இறுகியது கணீரென ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நிப்பிள் துளைகள் வழியே காற்று கசியுமாதலால் பழைய கம்பிச் சக்கரங்களுக்கு டியூப் இன்றியமையாதது.

தட்டுச் சக்கரத்துடன் வந்த காருக்குக் கம்பிச் சக்கரம் பூட்ட விரும்புவோர் சட்டத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என, கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே அதற்கு அடிப்படை.

பழங்கால வாகனங்களுக்கென மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விஏ' வரிசையில் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் மாற்றம் பெருமாற்றமாகக் கருதப்படுகிறது. அந்த வரையறையில் சக்கரம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.