சைக்கிளில் ஒரு சரித்திரப் பாதை: ஷம்பிளியிலிருந்து லக்காடி வரை



பார்க் எக்ஸ்ரென்ஷனில் வாழ்ந்த நம்மவர்களுக்கு லக்காடி வீதி புதிதல்ல. 1988இல் திறக்கப்பட்ட அக்காடி மெற்றோ நிலையத்தில் ஏறி இறங்கி வேலைக்கும் வகுப்புக்கும் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் பெயரின் கதையைக் கேட்டவர்கள் குறைவு. அதன் ஒரு பகுதி, மொன்றியலுக்குத் தென்கிழக்கே உள்ள நாட்டுப்புறத்தில் இருக்கிறது. சென்ற கோடையில் பிள்ளைகளோடு அங்கே சைக்கிள் ஓடினேன். பார்த்ததையும் படித்ததையும் இந்த மாத உரையில் சொல்கிறேன்.

பாதை ஷம்பிளியில் தொடங்குகிறது. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். றிஷெலியூ ஆற்றங்கரையில் ஒரு கற்கோட்டை நிற்கிறது. 1665இல் பிரெஞ்சுப் படையினர் இங்கே மரக்கோட்டை கட்டினார்கள். 1709இல் தொடங்கி 1711க்குள் அதைக் கல்லால் கட்டினார்கள். அவர்கள் இந்த ஆற்றை இரோக்குவா ஆறு என்றே அழைத்தார்கள். நமக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பழைய பெயரே சாட்சி. 1760இல் கோட்டை பிரித்தானியரிடம் போனது. 1775இல் அமெரிக்கப் புரட்சிப் படை பிடித்தது. மறுவருடம் பின்வாங்கும்போது அதற்குத் தீ வைத்தது.

கோட்டைக்கு அருகிலிருந்து சென் ஜோன் நகரம் வரை சுமார் 20 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. 1843இல் திறக்கப்பட்டது. ஆற்றின் பாறைகளையும் நீர்ச்சுழிகளையும் தவிர்த்து, படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 9 நீர்க்கதவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் ஊழியர்கள் கையால் சுற்றியே திறக்கிறார்கள். அன்று குதிரைகள் கயிறு கட்டிப் படகுகளை இழுத்து நடந்த கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. மேடு பள்ளம் இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் ஆறு. சிறு பிள்ளைகளும் களைப்பின்றி ஓடலாம்.

பாதை முடியும் சென் ஜோனும் கோட்டை நகரம்தான். 1775இல் 45 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. அதன் பிறகு, மன்னர் பக்கம் நின்றதால் அமெரிக்காவில் வீடுவாசலை இழந்தவர்கள் ஷம்ப்ளேன் ஏரி வழியாக இங்கேதான் வந்து இறங்கினார்கள். இன்னும் தெற்கே போனால் லக்கோல் எல்லைச் சாவடி. 1980களில் நம்மவர்கள் பலர் அகதிக் கோரிக்கை வைத்த இடம். 2017 முதல் 2023 வரை செய்திகளில் அடிபட்ட றொக்ஸம் வீதியும் அந்தப் பக்கமே. படைகள் வந்த வழியாலேயே அகதிகளும் வந்திருக்கிறார்கள்.

சென் ஜோனிலிருந்து மேற்கே, வயல்களுக்கு நடுவே போனால் லக்காடி கிராமம் வருகிறது. 2001 முதல் அது சென் ஜோன் நகரத்தின் ஒரு பகுதி.

அக்காடி என்பது இன்றைய நோவா ஸ்கோஷியாவையும் அதை அண்டிய இடங்களையும் சேர்ந்த நாடு. அங்கே பிரெஞ்சு மொழி பேசிய உழவர்கள் கடலோரச் சதுப்பு நிலங்களில் அணை கட்டிப் பயிர் செய்தார்கள். 1713இல் அந்த நிலம் பிரித்தானியர் கைக்குப் போனது. நிபந்தனையற்ற விசுவாசச் சத்தியம் செய்ய அவர்கள் மறுத்தார்கள். 1755 செப்ரெம்பர் 5ஆம் திகதி, கிராண்ட் பிரே ஊரின் ஆண்களைத் தேவாலயத்துக்குக் கூப்பிட்டு, நிலமும் மாடும் அரசுக்கு, நீங்கள் கப்பலுக்கு என்று கட்டளை வாசித்தார்கள். வீடுகளை எரித்தார்கள். 1763 வரை 10,000க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். குடும்பங்கள் பிரிந்தன. மசாசூசெற்ஸில் இறக்கப்பட்டவர்கள் அனுமதி இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகக்கூடாது. பாஸ் எடுத்துப் பயணம் செய்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1766இல், முன்பு மறுத்த அதே சத்தியத்தைச் செய்தால் கியூபெக்கில் குடியேறலாம் என்ற நிலை வந்தது. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள் 1768 முதல் இந்த ஆற்றோரக் காட்டை வெட்டிக் குடியேறின. இடத்துக்குச் சின்ன அக்காடி என்று பெயர் வைத்தன. 1801இல் கட்டி முடிந்த அவர்களின் கல்தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. போன மண் திரும்பக் கிடைக்கவில்லை. பெயரை மட்டும் விடவில்லை.

1990இல், லூசியானாவில் வாழ்ந்த அக்காடி வம்சாவழி வழக்கறிஞர் வாரன் பெரின், நடந்ததைப் பிரித்தானிய முடி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்தார். 2003 டிசெம்பரில் கனடாவில் அரச பிரகடனம் வந்தது. நட்டஈடு இல்லை. நாடுகடத்தல் நடந்தது, மக்கள் துன்பப்பட்டார்கள் என்ற ஒப்புதல் மட்டும். ஜூலை 28 நினைவு நாளானது. அதில் ஒப்பமிட்ட ஆளுநர் நாயகம் அட்ரியன் கிளார்க்சன், 1942இல் ஹொங்கொங்கிலிருந்து அகதிக் குழந்தையாக வந்தவர். அந்த ஒப்புதலுக்கு 248 வருடங்கள் எடுத்தன. அவ்வளவு காலமும் இதை உயிரோடு வைத்திருந்தவை வீட்டில் சொன்ன கதைகளும் ஊர்ப் பெயர்களும்தான்.

நமக்குச் சைக்கிள் என்றால் வேறு ஞாபகம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியபோது, பாயும் பானையும் அம்மம்மாவும் சைக்கிளில்தான் போனார்கள். அதை உருட்டிக்கொண்டு நடந்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷம்பிளிக்குப் போய்வாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு வாய்க்கால் பாதையில் பாதித் தூரமே போதும். ஓட முடியாத பெரியவர்களைக் காரில் லக்காடி தேவாலயத்துக்கு நேரே கூட்டிப் போங்கள். பிரெஞ்சில் படிக்கும் பிள்ளைகள் அங்குள்ள அறிவிப்புப் பலகைகளை அவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். பிறகு, சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து இருக்கும்போது, நாவற்குழிப் பாலத்தைப் பற்றிப் பெரியவர்களைக் கேளுங்கள்.